பெங்களூருவிலிருந்து நாம்தஃபா: எதை முதலில் செய்வது, எங்கே கால் இடறும்

நாம்தஃபாவில் சஃபாரி ஜீப் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தடவை என்னோடு வந்த ஐந்து பேரில் இரண்டு பேர் காட்டுக்குள் வந்து பையை இறக்கிய பிறகுதான் "அண்ணா, சஃபாரி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி கபினி, பந்திப்பூர் என்று போய்ப் பழகிய பெங்களூருக்காரர்களுக்குக் காடு என்றால் காலையில் ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப், நடுவில் பஃபே சாப்பாடு.

இது அருணாசலப் பிரதேசத்தின் சாங்லாங் மாவட்டத்தில், மியன்மார் எல்லையை ஒட்டி இருக்கும் மழைக்காடு. 1,985 சதுர கிலோமீட்டர். 200 மீட்டர் உயரத்தில் ஆரம்பித்து 4,571 மீட்டர் வரை ஏறுகிறது. புலி, சிறுத்தை, மேகச்சிறுத்தை, பனிச்சிறுத்தை நான்கும் இருக்கும் காடு என்று எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் நான் மூன்று தடவை போய் நான்கில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. புலியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கபினிக்கே போங்கள், செலவும் மிச்சம்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பரிலிருந்து மார்ச் வரை. அதற்கு வெளியே யோசிக்க வேண்டாம். மழைக்காலத்தில் நோவா திஹிங் ஆறு பெருகிவிடும், மண்சரிவில் சாலை போய்விடும், ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி வேறு. பருவமழை ஜூனில்தான் பிடிக்கும் என்று நாம் கணக்குப் போடுவோம். அங்கே ஏப்ரலிலேயே நல்ல மழை உண்டு.

டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் ஆற்றங்கரைக் குளிர் ஈரத்தோடு வரும், பெங்களூரு ஸ்வெட்டர் அதற்குப் போதாது. என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம். குளிர் குறைந்திருக்கும், பகலும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

2. வழிகாட்டியும் அறையும், டிக்கெட்டுக்கு முன்னால்

எல்லோரும் செய்யும் முதல் தப்பு இங்கேதான். விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று நாலு மாதம் முன்னாடியே போட்டுவிட்டு, அப்புறம் தங்க இடம் தேடுகிறோம். காட்டுக்குள் தேபான் என்ற இடத்தில் இருக்கும் வன ஓய்வு விடுதியில் அறைகள் சொற்பம். சீசனில் பறவை பார்க்க வரும் குழுக்கள் ஒரேயடியாக எடுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் கூடாரம்தான், அதற்கு வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குபவர்கள் என்று ஒரு கூட்டமே வேண்டும்.

அதனால் முதல் வேலை, காட்டுக்கு வாசலான மியாவ் ஊரில் இருக்கும் ஒரு உள்ளூர் வழிகாட்டியிடம் போனில் பேசித் தேதி வாங்குவது. ஊர்ப் பெயரே மியாவ்தான், பூனை ஜோக்கை எல்லாம் முதல் நாளே முடித்துவிடுங்கள். லிசு, சக்மா, சிங்போ சமூக ஆட்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஏற்கெனவே போய் வந்தவரிடம் நம்பர் வாங்குவது நல்லது. பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை சுமைகாரர்கள், கூடாரம் யாருடையது, வனத்துறை அனுமதியை அவர் எடுப்பாரா நாம் எடுக்க வேண்டுமா. மூன்றாவதைக் கேட்க மறந்து நான் ஒரு நாளை இழந்த கதை கீழே வருகிறது.

இந்தி வராதே என்று தயங்க வேண்டாம். அருணாசலத்தில் பல பழங்குடிகளுக்கும் பொதுவாக ஓடுவது இந்திதான், ஆனால் அது டெல்லி இந்தி இல்லை. ஆண்பால் பெண்பால் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நாம் பேசும் உடைந்த இந்தி அங்கே ரொம்ப இயல்பாக ஒட்டிக்கொள்ளும். வாழ்க்கையில் முதல்தடவையாக என் இந்தியைக் கேட்டு யாரும் சிரிக்காத இடம் அது.

3. இன்னர் லைன் பெர்மிட்

அருணாசலத்துக்குள் நுழைய, வெளிமாநில இந்தியர் எல்லோருக்கும் இது வேண்டும். ஆன்லைனில் எடுக்கலாம். ஒரு போட்டோ, அடையாள அட்டை, போகும் தேதி, போகும் இடம், அவ்வளவுதான். தேதி கேட்பார்கள் என்பதால்தான் இதை இரண்டாவது படிக்குப் பிறகு வைத்தேன்.

இதில் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். ஆதாரில் எஸ். முருகன், விமான டிக்கெட்டில் முருகன் சுப்ரமணியம், பெர்மிட்டில் வெறும் முருகன் என்று இருந்தால், எல்லை கேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மூன்று ஆள். எங்கள் குழுவில் ஒருவர், அப்பா பெயர் எப்படித் தன் பெயரின் பின்னால் வந்தது என்று விளக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் இரண்டு டீ குடித்துவிட்டோம். எந்த அடையாள அட்டையைக் கையில் கொண்டுபோகிறீர்களோ, அதில் இருக்கும் பெயரை எழுத்து மாறாமல் பெர்மிட்டிலும் போடுங்கள்.

திரும்பும் தேதியை நாலைந்து நாள் கூட்டியே போடுங்கள், ஏனென்றால் சாலை ஒரு நாள் அடைத்தால் உங்கள் கணக்கு போச்சு. மூன்று நான்கு பிரதி அச்சடித்துக்கொள்ளுங்கள், போனில் காட்டலாம் என்று இருக்காதீர்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பி, தங்கை யாராவது கூட வருவதாக இருந்தால் அவர்களுக்கு இந்தப் பெர்மிட் செல்லாது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான தனி அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இப்போது டிக்கெட்

பெங்களூருவிலிருந்து திப்ருகர் மோகன்பாரி விமான நிலையத்துக்குக் கொல்கத்தா அல்லது குவாஹாட்டி மாறிப் போகலாம். ரயில் பிடித்தவர்களுக்கு பெங்களூருவிலிருந்து நியூ தின்சுகியாவுக்கு வாரம் ஒரு வண்டி உண்டு, மூன்று நாள் போலப் பயணம். தின்சுகியா, திப்ருகரை விட மியாவுக்குப் பக்கம் என்பது அதில் ஒரு லாபம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸை சேலத்திலோ ஈரோட்டிலோ காட்பாடியிலோ பிடிக்கலாம்.

இங்கே முக்கியமான விஷயம் சூரியன். நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் திப்ருகரில் டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். காலை விமானத்தில் கிளம்பி, மத்தியானம் இறங்கி, சாயங்காலம் மியாவ் சேர்ந்துவிடலாம் என்று பெங்களூருவில் உட்கார்ந்து போடும் திட்டம் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். நிஜத்தில் கடைசி இரண்டு மணி நேரம் கும்மிருட்டில், தெரியாத மலைச்சாலையில் போவீர்கள். முதல் இரவு திப்ருகரிலோ தின்சுகியாவிலோ தங்கிவிட்டு, மறுநாள் விடிகாலையில் கிளம்புங்கள். மார்கெரிட்டா, லேடோ, ஜாகுன், கர்சாங் வழியாக நாலைந்து மணி நேரம்.

5. சாமான்

நீளமான பட்டியல் எல்லாம் தரப்போவதில்லை. ட்ரெக் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும். இந்தக் காட்டுக்கென்று தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

அட்டை சாக்ஸ், ஆளுக்கு இரண்டு ஜோடி. முழங்கால் வரை வரும் துணி சாக்ஸ் இது, சாதாரண சாக்ஸுக்கு மேல் போட்டு ஷூ மாட்ட வேண்டும். நெய்த சாக்ஸின் ஓட்டை வழியாக அட்டை நுழைந்துவிடும், இதில் முடியாது.

ரப்பர் கம்பூட். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் போடுவது இதுதான், தின்சுகியா கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஓடைகளைத் தாண்டித் தாண்டிப் போவதால் பத்தாயிரம் ரூபாய் ட்ரெக்கிங் ஷூ முதல் மணி நேரத்திலேயே ஊறி, கடைசி நாள் வரை காயாது. பத்தாம் நம்பருக்கு மேல் கால் உள்ளவர்கள் மட்டும் இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

கேமராவைவிட பைனாகுலர் முக்கியம், 8x42 போதும். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. மரங்களின் உச்சி அவ்வளவு உயரத்தில் இருக்கும், ஹோலோங் மரத்தை அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும். லென்ஸை மட்டும் நம்பி வந்த நண்பர் கருப்புப் புள்ளிகளைத்தான் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். கேமரா கொண்டுபோனால் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள், ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சையாகப் பிடிக்கும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பணம், நோட்டாக. டீக்கடைக்கும் யு.பி.ஐ. போட்டுப் பழகிய நமக்கு இது நினைவிலேயே வராது. சிக்னல் இல்லாத இடத்தில் க்யூ.ஆர். கோடு வெறும் படம். வழிகாட்டி, சுமைகாரர்கள், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, திப்ருகரிலோ தின்சுகியாவிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து: கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன் உங்கள் டாக்டரிடம் மலேரியா தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். அப்புறம், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்றாவது நாள் பருப்பும் உருளைக்கிழங்கும் மட்டும் தின்ற வாய்க்கு, சுடுசோற்றில் ஒரு கரண்டி புளிக்காய்ச்சலைப் பிசைந்து கொடுத்தபோது எங்கள் லிசு சமையல்காரரே இன்னொரு கரண்டி கேட்டார்.

6. மியாவில் ஒரு நாள்

வனத்துறை அனுமதி இங்கே, நாம்தஃபா புலிகள் காப்பகத்தின் கள இயக்குநர் அலுவலகத்தில். நுழைவு, கேமரா, தங்கும் கட்டணம் எல்லாம் கட்ட வேண்டும். இது அரசு அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை திறக்காது. முதல் தடவை நான் சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினேன். வழிகாட்டி நான் எடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார், நான் அவர் எடுத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். ஞாயிறு முழுக்க மியாவ் கடைத்தெருவை அளந்தோம். வார நடுவில் போய்ச் சேருமாறு டிக்கெட் போடுங்கள்.

அரிசி, பருப்பு, முட்டை, மேகி, மண்ணெண்ணெய் எல்லாம் இங்கேதான் வாங்க வேண்டும். நாலு பேர் போகிறோம் என்று நாலு பேருக்கு வாங்குவது அடுத்த தப்பு. வழிகாட்டி, சமையல்காரர், சுமைகாரர்கள் எல்லோரும் அதே அடுப்பில்தான் சாப்பிடுவார்கள், அதுவும் மேடு ஏறிச் சுமை தூக்குகிறவர் சாப்பாடு நம் சாப்பாடு மாதிரி இரண்டு மடங்கு. நாலு பேர் என்றால் எட்டு ஒன்பது பேருக்கு வாங்குங்கள். அரிசியை அவர்களையே அளக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

வீட்டுக்குக் கடைசிப் போனை இங்கிருந்தே பேசிவிடுங்கள். "இனி ஐந்து நாள் போன் வராது, தேட வேண்டாம்" என்று சொன்னால்தான் அம்மா நிம்மதியாக இருப்பார். "நாளைக்குப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போன ஒருவரின் மனைவி, ஒசூரிலிருந்து எங்கள் எல்லோர் வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார்.

7. தேபான், ஆறு, அக்கரை

மியாவிலிருந்து தேபான் 26 கிலோமீட்டர் போல. மியன்மார் எல்லையோரம் இருக்கும் விஜயநகர் என்ற ஊருக்குப் போகும் 157 கிலோமீட்டர் சாலையின் தொடக்கப் பகுதி அது. தேபான் விடுதி நோவா திஹிங் ஆற்றின் மேல் மேட்டில் இருக்கிறது. முதல் இரவு இங்கே தங்குங்கள், நேராக உள்ளே ஓடாதீர்கள். சாமானைப் பிரித்துச் சுமையாகக் கட்ட அரை நாள் வேண்டும், யாருக்கு ஷூ கடிக்கிறது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். ராத்திரி விடுதியைச் சுற்றி உள்ள மரங்களில் செந்நிறப் பறக்கும் அணில் தெரியவும் வாய்ப்பு உண்டு. வழிகாட்டி சொன்னால் மட்டும் டார்ச் அடியுங்கள், கண்ணில் நேராக அடிக்காதீர்கள்.

காலையில் படகில் அக்கரை. தண்ணீர் பார்க்கப் பச்சையாக, அமைதியாக இருக்கும், இழுப்பு பலம். போன், பர்ஸ், பெர்மிட் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டு ஏறுங்கள். அக்கரையிலிருந்து ஹல்திபாரி முகாம் ஐந்து கிலோமீட்டர் போல, ஹார்ன்பில் முகாம் அதற்கும் மேலே நாலு கிலோமீட்டர். "ஒன்பது கிலோமீட்டர்தானே, கப்பன் பார்க்கை ரெண்டு சுத்து சுத்துற மாதிரி" என்றார் ஒருவர். வழுக்குப் பாறை, மூங்கில் புதர், விழுந்து கிடக்கும் மரம் எல்லாம் ஏறி இறங்கியதில் எங்களுக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது.

ஐந்து நாளுக்குக் குறைவாக நேரம் இருப்பவர்களும், முட்டி வலி உள்ளவர்களும் அக்கரை போகாமல் அந்த விஜயநகர் சாலையிலேயே நடந்தும் பார்க்கலாம். சாலை ஓரத்தில் மேலே திறப்பு இருப்பதால் பறவைகள் உண்மையில் அங்கேதான் நன்றாகக் கண்ணில் படும்.

8. நடக்கும்போது

ஐந்து மணிக்கு எழுந்து, ஐந்தரைக்கு நடை, மூன்று மணிக்குள் முகாம். இதுதான் நாள். மூன்று மணிக்கு மேல் அடுத்த முகாமைப் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், காட்டுக்குள் வெளியை விட ஒரு மணி நேரம் முன்னாலேயே இருட்டிவிடும்.

அட்டை கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள். தீக்குச்சி, உப்பு எதுவும் வேண்டாம், அது வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். நகத்தை வாய்ப் பக்கம் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், உறைய விடாத ஒரு பொருளை அது உள்ளே விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அட்டையைவிட மோசம் டிம்டாம் என்று அங்கே சொல்லும் கடுகளவு ஈ. கடிக்கும்போது தெரியாது. அப்புறம் சிவப்புப் புள்ளியாக நின்று, பெங்களூரு வந்து ஒரு வாரம் ஆகியும் மீட்டிங் நடுவே சொறிய வைக்கும். முழுக்கைச் சட்டை, அதுவும் மணிக்கட்டுப் பொத்தான் போட்டது.

வரிசையாக, வழிகாட்டிக்குப் பின்னால், பேசாமல். பேசாமல் என்பதற்கு மரியாதை மட்டும் காரணம் இல்லை.

9. பார்ப்பது அல்ல, கேட்பது

இந்தக் காட்டில் கண் இரண்டாம்பட்சம். எதிரே பத்து அடிக்கு மேல் தெரியாது, ஆனால் காது ஒரு கிலோமீட்டர் போகும். புதிதாக வருபவர்கள் நடந்துகொண்டே தேடுகிறார்கள், நான் உட்காரச் சொல்கிறேன். ஒரு மரத்தடியில் இருபது நிமிடம்.

இருவாச்சியை வால்பாறையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் சிறகுச் சத்தம் பறவைக்கு முன்னால் வரும். இங்கே பெரிய இருவாச்சி, செங்கழுத்து இருவாச்சி, வளைய இருவாச்சி என்று ஐந்து வகை உண்டு. சத்தம் வந்த உடனே அண்ணாந்து மரத்தைத் தேடாதீர்கள், மரங்களுக்கு நடுவே வானம் தெரியும் ஓட்டையைப் பாருங்கள். அதைத்தான் அது கடக்கும், இரண்டு வினாடி.

சின்னப் பறவைகள் கலப்புக் கூட்டமாக வரும். அரை மணி நேரம் ஒரு இலைகூட அசையாது, திடீரென்று நாற்பது பறவை ஒரே புதரில், ஐந்து நிமிடத்தில் மறுபடி ஒன்றும் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் கேமராப் பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருக்கக் கூடாது. போனில் பறவைக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டு அழைப்பது வேண்டாம், எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும்.

ஹூலாக் கிப்பன், இந்தியாவில் இருக்கும் ஒரே வாலில்லாக் குரங்கினம், காலையில் பாடும். முதலில் ஒரு கூவல், அதற்கு இன்னொன்று பதில், பிறகு குடும்பமே சேர்ந்து பள்ளத்தாக்கை நிரப்பும். இரண்டாவது பயணத்தில் ஹல்திபாரிக்குப் பக்கத்தில், பாட்டு நின்ற பிறகு வழிகாட்டி கையைக் காட்டி எங்களை அப்படியே நிற்கவைத்தார். ஏழெட்டு நிமிடம் ஒன்றும் இல்லை. என் கழுத்தில் ஒரு அட்டை ஏறுவது தெரிகிறது, தட்ட முடியவில்லை. அப்புறம் மேலே ஒரு கிளை ஆடியது. கரேல் என்று ஆண், வெள்ளைப் புருவம் மட்டும் தெரிகிறது. பின்னாலேயே பழுப்புப் பொன் நிறத்தில் பெண், அதன் வயிற்றோடு வெளிறிய குட்டி ஒன்று. ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு அந்தப் பெண் எங்களைப் பார்த்தது, சாவகாசமாக ஒரு பழத்தைப் பறித்துத் தின்றது, போய்விட்டது. யாரும் படம் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை.

புலிக்கு ஆசைப்படுபவர்கள் ஆற்று மணலைப் பாருங்கள், தடம் இருக்கலாம். மற்றபடி நாம்தஃபா பறக்கும் அணிலைத் தேடித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். 1981-இல் விவரிக்கப்பட்ட அந்த இனத்துக்கு ஆதாரமாக இருப்பது ஒரே ஒரு உடல் மாதிரிதான்.

ஒரு சங்கடமான விஷயம். கிராமத்தில் யாராவது காட்டு இறைச்சி பரிமாறினால், "சைவம்" என்று சொல்லிக் கும்பிட்டுவிடுங்கள், யாருக்கும் மனம் நோகாது. இருவாச்சி அலகு, தோல், பல் எதையும் ஞாபகார்த்தமாக வாங்காதீர்கள், அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

10. திரும்பிய பிறகு

திப்ருகர் விமானத்துக்கும் காட்டை விட்டு வெளியே வரும் நாளுக்கும் நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். ஆறு பெருகினாலோ சாலையில் மரம் விழுந்தாலோ அந்த நாள்தான் காப்பாற்றும்.

ஊருக்கு வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், வைரல் என்று டோலோ போட்டுக்கொண்டு கிடக்காதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் "அருணாசலக் காட்டில் இருந்தேன், பூச்சி கடித்தது" என்று நீங்களே சொல்லுங்கள். மலேரியாவும், பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் பெங்களூரு கிளினிக்கில் உடனே யாருக்கும் தோன்றாது. உடம்பில் சிகரெட் சுட்ட தழும்பு மாதிரி கருப்புப் பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பில் பார்த்து அதையும் காட்டுங்கள்.

பையை வீட்டுக்குள் பிரிக்காமல் மொட்டைமாடியில் வெயிலில் பிரித்து உதறுங்கள். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து ஒரு அட்டை வந்தது, உயிரோடு.